பூட்டு கேட்ட கதை

கைபேசிக்குள் இருந்த ஓர் ஒலிப்புத்தகத்துக்குப் பூட்டு ஒன்று காவல் இருந்தது. யாரும் திருட்டுப் பிரதி எடுத்துவிடக் கூடாதென்று, படத்தில் தெரியும் எழுத்துகளைச் சொன்னவர்களை மட்டுமே அது உள்ளே விடும்.

ஒருநாள் பார்வையற்ற மங்கையர்க்கரசி வந்தாள். “எனக்குப் படம் தெரியாதே,” என்றாள்.

“சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்,” என்றது பூட்டு.

உள்ளிருந்து புத்தகம் கேட்டது: “அண்ணே, நேத்து என்னைப் பிரதி எடுத்துட்டுப் போன திருடன் எழுத்தைச் சொன்னானா?”

“பிசகாமச் சொன்னான்.”

“அவனை விட்டுட்டு, கேக்கணும்னே வந்தவங்களை நிறுத்திட்டீங்களே.”

பூட்டுக்குச் சுருக்கென்றது. “அம்மா, நான் தட்டுறேன். எத்தனை தடவைன்னு சொல்லுங்க,” என்றது.

அது தட்டிய சத்தத்தை எண்ணி, “அஞ்சு,” என்றாள்.

பூட்டு திறந்தது. புத்தகம் கதையைத் தொடங்கியது. இத்தனை வருடம் காவல் காத்தும் பூட்டு அதைக் கேட்டதே இல்லை. அன்று அவளோடு சேர்ந்து கடைசிவரை கேட்டது.