பால்ச்சாமியின் உள்ளங்கால்

"அந்தக் கொட்டையையும் எடு. இடுப்ப அசைக்காம எடு."

வெள்ளத்தாயின் கையில் வேப்பங்குச்சி இருந்தது. அவளுடைய இளைய மகன் பால்ச்சாமி உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். தரையில் கிடந்த புளியங்கொட்டைகளைக் கால்விரலால் ஒவ்வொன்றாகக் கவ்விச் சிரட்டையில் போட்டான். இருபத்துநாலு வயது. நெற்றி வேர்த்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, மூத்தவன் செயில்ல கெடக்கான். இவன என்னடான்னா கோழியாட்டம் பொறுக்க விட்டிருக்க?"

"பட்டாளத்துக்குப் போகப் போறான். தட்டக் காலுன்னா எடுக்க மாட்டாகளாம்."

"அங்க கூட்டங்கூட்டமாச் சாகுதாகளாம். பெத்தவ பேச்சா இது?"

வெள்ளத்தாய் குச்சியால் மகனின் முழங்காலைத் தட்டினாள். "நீ எடுலே."

இந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தவர் கம்பவுண்டர் சத்தியநேசன். போன உலகச் சண்டையின்போது பஸ்ராவில் பட்டாளத்துக்குக் காயம் கட்டியவர். புரட்டாசியில் முதன்முதலாகப் பால்ச்சாமியின் ஈரக்காலைத் தரையில் பதிக்கச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

"இது காலாலே? தோசை ஊத்துன மாதிரியில்ல இருக்கு!"

கொட்டை பொறுக்குவது. படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது. பாதத்தின் வெளி ஓரத்தால் நடப்பது. கடைசியாக ஒன்று.

"விரல மடக்காத. குதிகாலத் தூக்காத. உள்ளங்கால மட்டும் மேல இழு. நிக்கும்போதே இழுத்துப் பிடிக்கப் பழகு. டாக்டர் பாக்குற செத்த நேரத்துக்கு அது நின்னா போதும்."

தினமும் பயிற்சி முடிந்ததும் பால்ச்சாமி ஈரக்காலோடு மெழுகிய தரையில் நிற்பான். வெள்ளத்தாய் குனிந்து பார்ப்பாள். பார்த்ததும் சேலைத் தலைப்பால் துடைத்துவிடுவாள்.

மூத்தவன் ஆண்டிச்சாமி மேல் கொலைக் கேஸ். ஆவணியில் தளவாய்புரம் ஓடைக்கரையில் கருத்தையா வெட்டுப்பட்டுக் கிடந்தான். கிணற்றுத் தண்ணீர்ப் பங்கில் அவனுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் பழைய பகை. பார்த்தவர் எவருமில்லை. மழையில் குழைந்திருந்த கரிசலில் காலடித் தடங்கள் மட்டும் இருந்தன. ஒன்றில்கூட உள்வளைவு இல்லை. போலீஸ் தடங்களின்மேல் கூடையைக் கவிழ்த்துக் காவல் வைத்து, அச்சு எடுத்தது. ஆண்டிச்சாமியின் கால் பொருந்தியது. அதற்குப் பின் வேறு யார் காலையும் பார்க்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் வைகுண்டராஜ் ஆவணிக் கடைசியிலேயே இரண்டு மகன்களுடைய கால்களையும் பார்த்திருந்தார். ஒரே அளவு. ஒரே தட்டை.

"இந்தத் தடம் ஒண்ணுதான் சாட்சி, வெள்ளத்தாய். விசாரணை அன்னைக்குச் சின்னவன ஈர மணல்ல நிக்க வைப்போம். இதே மாதிரிக் காலு இன்னொருத்தனுக்கும் இருக்குன்னு ஜட்ஜ் கண்ணால பாக்கட்டும். பெரியவன் தப்பிச்சிருவான்."

"இவனப் பிடிக்க மாட்டாகளா அய்யா?"

"அன்னைக்கு இவன் எங்க இருந்தான்?"

"வீட்டுலதான். எங்கூட."

"பின்ன என்ன பயம்?"

அன்றே அவள் சப்-ஜெயிலுக்குப் போய் மூத்தவனைப் பார்த்தாள். மாதம் ஒருமுறை போனாள். பேசிக்கொள்ள அதிகம் இருக்காது. மார்கழியில் போனபோது ஆண்டிச்சாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"தம்பி பழகுதானா?"

"பழகுதான்."

"விட்டுராத."

தை பிறந்ததும் ராஜபாளையத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். சத்தியநேசன் வீடு தேடி வந்து பால்ச்சாமியின் தடத்தைப் பார்த்தார். நடுவில் வளைவு தெரிந்தது.

"அடேயப்பா! நாளைக்கே கூட்டிட்டுப் போ. கண்ண மூடிக்கிட்டு எடுத்துக்குவாக."

"கேஸ் முடியட்டும் அய்யா."

"கேஸ் மூத்தவனுக்குல்ல? இவனுக்கு என்ன?"

வெள்ளத்தாய் சிதறிக் கிடந்த புளியங்கொட்டைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் கழித்து விசாரணை. மரத்தட்டில் ஈர மணல் பரப்பி வைத்தார்கள். கூண்டில் ஆண்டிச்சாமி கைகட்டி நின்றான். வைகுண்டராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு பால்ச்சாமியை அழைத்தார்.

பால்ச்சாமி மணலில் ஏறி நின்றான். ஒரு நிமிடம். அவன் கெண்டைக்கால் லேசாக நடுங்கியது. இறங்கினான்.

ஜட்ஜ் மேசையிலிருந்து எழுந்து வந்து குனிந்தார். குதிகால், வெளி ஓரம், விரல்கள். நடுவில் மணல் கலையாமல் மேடாக நின்றது. போலீஸ் எடுத்த அச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுவும் அதுவும் ஒண்ணா, மிஸ்டர் வைகுண்டராஜ்?"

ஆண்டிச்சாமி மணலைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

சாப்பாட்டு இடைவேளையில் வைகுண்டராஜ் வெள்ளத்தாயைப் புளியமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன செஞ்சு வச்சிருக்க? அது எப்படி ஆச்சு அந்தக் காலு?"

"பட்டாளத்துக்குன்னு கம்பவுண்டர் அய்யா பழக்கிவிட்டாக."

"விவரங்கெட்ட பொம்பளை! பெரியவன் கழுத்துல நீயே கயித்த மாட்டிட்டியே!" அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இன்னும் கெட்டுப் போகல. அந்தக் கம்பவுண்டருக்கு இவன் பழைய காலு தெரியும்ல? இப்பவே மனு போடுதேன். நாளைக்குச் சாட்சி சொல்ல வரச் சொல்லு."

வெள்ளத்தாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"வேண்டாம்யா. அன்னைக்கு ஓடைக்கரைக்கு ரெண்டு பேரும்தான் போனானுக. ஒருத்தனாவது மிஞ்சட்டும்."