தட்டு தெரியுதா?

சிலியில், வானியலாளர் எடெல்மிரா கணினி முன் உட்கார்ந்து, பஸ் ஓட்டும் கணவன் நொல்பெர்தோவைத் துளைத்தெடுத்தாள்.

“புதுப் படத்தைப் பாத்து நீயே சொல்லு. நீள்வட்ட கேலக்ஸின்னா வெறும் பந்து மாதிரி இருக்கும், ஓரம் மெல்ல மங்கிடும். வில்லை கேலக்ஸின்னா நடுப் பந்தைச் சுத்தி ஒரு தட்டு தெரியும்.”

“தட்டு இருக்கு.”

“சரியாப் பாத்தியா?”

“பளிச்சுனு தெரியுது, எடெல்மிரா.”

“இது வில்லை கேலக்ஸிதான்னு இருபது வருஷமா நான் சொன்னது சரி! சிரிச்சவனுங்க மூஞ்சியில கரி. கட்டுரையை இப்பவே அனுப்பு.”

அவள் திரையைத் தொடக் கை நீட்டினாள். விரல்கள் காற்றைத் துழாவின. பார்வை போய் இரண்டு மாதமாகிறது.

திரையில் இருந்தது தட்டே இல்லாத, ஓரம் மங்கிய வெறும் பந்து.

“அனுப்பிட்டியா?”

“அனுப்பிட்டேன்,” என்று இரண்டாவது பொய்யையும் சொன்னான் நொல்பெர்தோ.