பின்சக்கரம்

"பிரசவம் பாக்க ஆஸ்பத்திரி இருக்கு, டாக்டர் இருக்காங்க. உங்கம்மா வந்து என்ன கிழிக்கப் போறா?"

போனில் கத்திக்கொண்டே டுவெய்ன் காரை, வீட்டு வசதியுள்ள தன் கேரவன் வண்டியின் வாலில் கோத்தார். மறுமுனையில் ஃபீனிக்ஸில் இருக்கும் நிறைமாத மகள் ஹைடி. "அம்மாவை இப்படி நாலு பேர் முன்னாடி திட்டாதீங்கப்பா" என்று இரண்டு வருடங்களுக்கு முன் அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவர் இன்னும் முறுக்கிக்கொண்டு நின்றார்.

கொக்கி, சங்கிலி, விளக்கு வயர் எல்லாம் மாட்டியாயிற்று. போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"சனிக்கிழமைன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாள் மனைவி மார்லிஸ். "என்னை மட்டும் அங்க விட்டுட்டு, நீங்க நெவாடாவுக்குப் போங்களேன்."

"கார் சாவி யார்கிட்ட இருக்கு?"

சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான்.

"போ, பின்னால நின்னு பாரு."

கேரவனின் பின் கேமரா கிறிஸ்துமஸுக்கே செத்துவிட்டது. அதற்கு முன்பும் அவருக்குக் கேமராவில் நம்பிக்கை கிடையாது. கேரவனை இருபது அடி நகர்த்துவார். இழுபடும் காரின் சக்கரம் உருள்கிறதா, விளக்கு எரிகிறதா என்று மார்லிஸ் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவாள். பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில்கூடப் பத்தொன்பது வருடமாக இந்தச் சடங்கு தவறியதில்லை.

பக்கக் கண்ணாடியில் கட்டைவிரல் தெரிந்தது. அவள் ஏறி உட்கார்ந்ததும் டுவெய்ன் வண்டியை விரட்டினார்.

"அந்தப் பையை எதுக்கு மடியில கட்டிக்கிட்டு உக்காந்திருக்கே?"

"பின்னல் ஊசி இருக்கு."

அவர்கள் தங்கியிருந்த குவார்ட்ஸைட் முகாம் பின்னால் மறைந்தது. மார்லிஸ் ஜன்னல் வழியே கை காட்டினாள். "அதோ, காட்டுக் கழுதைங்க. மூணு. ஒண்ணு குட்டி, காதுல வெள்ளை இருக்கு."

டுவெய்ன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். புழுதி மட்டும்தான் தெரிந்தது. "பெரிய கண்டுபிடிப்பு. வாயை மூடிக்கிட்டு வா."

அவள் மூடிக்கொண்டாள். நாலு மைல் தாண்டி எதிரே வந்த லாரிக்காரன் ஓயாமல் ஹாரன் அடித்துப் பின்பக்கம் கை காட்டிய பிறகுதான் டுவெய்ன் நிறுத்தினார். காரின் பின் டயர்கள் இரண்டும் கந்தலாகிக் கிடந்தன. ரிம் தார்ச்சாலையில் தேய்ந்து புகைந்தது.

ஒரு மணி நேரத்தில் ராமிரோ தன் தூக்கு லாரியோடு வந்தான். முகாமில் எந்த வண்டி மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். முந்தின நாள் இதே காருக்குக் கியர் ஆயில் மாற்றியவனும் அவன்தான். அவன் இறங்குவதற்குள் டுவெய்ன் பாய்ந்தார்.

"கியரை நீதான்டா பார்க்ல போட்டுச் சக்கரத்தைப் பூட்டி விட்டிருக்கே! முகாம் முழுக்கச் சொல்லுவேன். இனிமே உன்னை ஒரு நாயும் கூப்பிடாது."

"நிறுத்தி வச்ச கார் பார்க்லதான் சார் இருக்கும்." ராமிரோவின் குரலும் சூடாகத்தான் இருந்தது. "இழுத்துட்டுப் போறவங்கதான் நியூட்ரலுக்கு மாத்தணும். உங்க அட்டையிலயே எழுதியிருக்கீங்களே, படிங்க."

காரைக் கோக்கும்போது செய்ய வேண்டியதையெல்லாம் டுவெய்ன் தன் கையாலேயே எழுதிக் காருக்குள் கண்ணாடியில் தொங்கவிட்ட அட்டை ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வரி: நியூட்ரல். அந்த வரி வந்த நேரத்தில் அவர் மகளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அது அவருக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் தப்பை ஒப்புக்கொள்ளும் பழக்கம் அந்த உடம்பில் இல்லை.

ராமிரோ டயரை உதைத்தான். "தரையில பட்ட இடம் மட்டும்தான் தேஞ்சு கிழிஞ்சிருக்கு, மேல்பக்கம் புதுசா இருக்கு பாருங்க. கிளம்பினதிலேர்ந்து இது ஒரு சுத்துகூடச் சுத்தலை. யாரும் பின்னால நின்னு பாக்கலையா?"

அவ்வளவுதான். டுவெய்னுக்குப் பிடி கிடைத்துவிட்டது. மார்லிஸ் பக்கம் திரும்பினார்.

"குருடி! சக்கரம் தரையில கோடு கிழிச்சுட்டு வருது, அதுகூடத் தெரியலையா? கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறா! உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

மார்லிஸ் தலை குனிந்து நின்றாள். ராமிரோவுக்கே பாவமாக இருந்தது. பேச்சை மாற்றினான்.

"ரிம், பிரேக், ஆக்ஸில் எல்லாம் போச்சு. இந்தப் பக்கம் சாமான் கிடைக்காது, ஃபீனிக்ஸுக்குத்தான் ஏத்தணும். பத்து நாளாவது ஆகும். கூட ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும்."

"கேரவனை நடுரோட்டுல விட்டுட்டு நான் எப்படி வர்றது?" டுவெய்ன் காரின் சாவியை உருவி அவள் காலடியில் எறிந்தார். கோபத்தில் புத்தியை முந்திக்கொண்டு வாய் ஓடியது. "நீ பண்ணின தப்புக்கு நீயே போ! பத்து நாளோ இருபது நாளோ, அங்கேயே கிட. கார் இல்லாம என் முகத்துல முழிக்காதே!"

மார்லிஸ் குனிந்து சாவியை எடுத்தாள். பையோடு லாரியில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். லாரி நகரும்போது கண்ணாடியை இறக்கினாள்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது, டுவெய்ன்."