இஸ்திரி போட்ட நோட்டு

“ஐயையோ, இது துவைச்ச நோட்டு!”

கடிகாரக் கடைக்காரர் போட்ட சத்தத்தில் கண்காட்சி மண்டபமே திரும்பிப் பார்த்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் போர்க்காலத்து ஜப்பான்காரன் நோட்டு. பெரும்பாலும் அதில் எண்ணே இருக்காது; இது எண் அச்சிட்ட அபூர்வ ரகம். நோட்டு சேகரிப்போர் சங்கத்தின் செயலாளர் பத்து வருடம் நாயாய் அலைந்து பிடித்தது. முதல் பரிசு அதற்குத்தான் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். இப்போது சோப்பில் முங்கி, கஞ்சி குடித்து, இஸ்திரியும் வாங்கிக்கொண்டு, எண்ணெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது! துவைத்த நோட்டுக்கு மதிப்பே கிடையாது. சேகரிப்பவர்களுக்கு அது அரிச்சுவடி.

போன வருடம் விவரம் தெரியாமல் கடைக்காரர் ஒரு நோட்டைத் துவைத்துவிட்டார். “நீங்க நோட்டு சேர்க்கிறீங்களா, லாண்டரி நடத்துறீங்களா?” என்று சபையில் அவர் மானத்தை வாங்கியவர் இதே செயலாளர்தான். பட்டப்பெயரே ‘பூதக்கண்ணாடி’.

“யார் சார் துவைச்சது?” என்றார் நடுவர்.

“நான்தான். புத்தி கெட்டுப் போச்சு” என்றார் பூதக்கண்ணாடி.

“அப்ப போட்டியில சேர்க்க முடியாது.”

“வேண்டாம் சார். சாயங்காலம் வரைக்கும் பெட்டியில மட்டும் இருக்கட்டும்.”

“லாண்டரி எப்ப சார் திறந்தீங்க?” கடைக்காரர் கேட்டேவிட்டார். மண்டபம் சிரித்தது. பூதக்கண்ணாடி குனிந்து பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தார். கடைக்காரருக்கு ஒரு வருட எரிச்சல் அடங்கியது.

மதியம் செயலாளரின் மனைவி வந்தார். நேரே அந்தப் பெட்டி முன்னால் போய், அங்கே நின்ற கடைக்காரரைக் கூப்பிட்டார். முகமெல்லாம் பூரிப்பு.

“வாங்கண்ணா! பளிச்சுனு இருக்குல்ல? நான்தான் துவைச்சேன். அப்பப்பா, என்ன அழுக்கு! அவர் வெளிய போயிருந்தப்ப சத்தமில்லாம இஸ்திரியும் போட்டு வச்சிட்டேன். வந்து பார்த்தவருக்குப் பேச்சே வரலை. அப்புறம், ‘பத்து வருஷத்துல இதை நான் இப்படிப் பார்த்ததே இல்லம்மா’ன்னார்!”

கடைக்காரர் திரும்பினார். கொஞ்சம் தள்ளி பூதக்கண்ணாடி நின்றிருந்தார். ஊரையே அதட்டும் அந்தக் கண்கள் கெஞ்சின. இந்த மனுஷனைப் பார்த்தா சிரித்தோம் என்று கடைக்காரருக்கு வெட்கமாகிவிட்டது.

“பரிசு நமக்குத்தானேண்ணா?”

“பரிசு கிடக்குது தங்கச்சி” என்றார் கடைக்காரர். “போன வருஷம் நானும் ஒண்ணைத் துவைச்சுப் பார்த்தேன். என் கைக்கு இந்த வெளுப்பு வரவே இல்ல!”