முதல் வெடி

வெர்னன் கேரேஜில் துப்பாக்கிக் குழலை ராவிக்கொண்டே இருந்தார். அரத்தின் சத்தம் மனைவி ஓபலுக்குப் பல்லைக் கூசவைத்தது.

"இதுக்குமேல ராவினா தகடாயிடும். யாருக்குங்க இது?"

"மாப்பிள்ளைக்கு. லேசா இருந்தாத்தான் கைக்கு சுகம்."

ஓபல் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். மகள் லேசியின் கைக்கட்டை இன்னும் பிரிக்கவில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தாளாம்; மாப்பிள்ளை சொன்னது.

"ஏடாகூடமா ஏதாவது பண்ணிட்டு ஜெயிலுக்குப் போயிடாதீங்க."

"பொழுதுபோக்குக்குச் செய்யறேன், விடேன்."

பொழுதுபோக்குதான். கென்டக்கி மலைக்காரருக்கு, வெடிமருந்து இடித்துச் சுடும் அந்தக்காலக் கைத்துப்பாக்கி என்றால் உயிர். எதைச் செய்தாலும் முதலில் டயரில் கட்டி, விசையில் கயிறு மாட்டி, ஓக் மரத்துக்குப் பின்னால் நின்று இழுப்பார். வெடித்துச் சிதறாவிட்டால்தான் அடுத்தவர் கையில் கொடுப்பார்.

தேங்க்ஸ்கிவிங் விருந்தில் வான்கோழி தீர்ந்ததும் துப்பாக்கிப் பெட்டியை நீட்டினார்.

மாப்பிள்ளை கிளின்ட் சிரித்தான். "எனக்குத்தான் குறி வெச்சிருக்கீங்களோன்னு பயந்துட்டேன் மாமா!"

"சேச்சே! இந்தா, நீயே சுடு. முதல் வெடி உன்னோடதுதான்."

கிளின்ட் கொல்லைக்கு ஓடிப்போய்க் குழலில் மருந்தைக் கொட்டி இடிக்க ஆரம்பித்தான். வெர்னன் மெல்ல நடந்து ஓக் மரத்துக்குப் பின்னால் போய் நின்றார்.

ஓபல் திரும்பி கேரேஜைப் பார்த்தாள். விசையில் மாட்டும் கயிறு ஆணியில் தூசி படிந்து தொங்கியது.

கத்துவதற்கு வாயெடுத்தாள். பக்கத்தில் லேசி, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள்.

ஓபல் மகளின் நல்ல கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடி. காதைப் பொத்திக்கோ."