நடு சீட்டுக்காரி

விமானத்தை விட்டு இறங்கியதும் தங்கை அக்காவுக்குப் போன் போட்டாள். குரலிலேயே பொருமல் தெரிந்தது.

"அக்கா, உன் மாப்பிள்ளை வழியெல்லாம் நடு சீட்டுக்காரிக்குச் சேவகம் பண்ணிட்டு வந்தார்."

"யாருடி அவ?"

"முகம் தெரிஞ்சாத்தானே. இந்தக் கொரோனாவுல நடு சீட்டுன்னா மாஸ்க், ஷீல்டு போதாதாம், மேலே வெள்ளைக் கவுனும் மாட்டணுமாம். அவ சீட்டுக் கைப்பிடியை சானிடைசர் போட்டுத் துடைச்சார். சிக்கின பெல்ட்டை எடுத்து விட்டார். 'மூச்சு முட்டுதாங்க? பயப்படாதீங்க, நான் இருக்கேன்'னு அப்படி ஒரு கரிசனம்."

"உன்கிட்ட?"

"என் மாஸ்க் கொஞ்சம் இறங்கினா, 'இதைக்கூட ஒழுங்காப் போடத் தெரியாதா'ன்னு எரிஞ்சு விழுவார். கல்யாணம் ஆனதிலேருந்து அந்தக் குரலை நான் கேட்டதே இல்லைக்கா."

"உன் சீட்டு எங்கே இருந்தது?"

"ரொம்பப் பின்னாடி, ஜன்னலோரம் போட்டிருந்தாங்க."

"எழுந்து போய் அவளை நாலு கேள்வி கேக்கறதுக்கென்ன? போனை அவகிட்ட கொடு, நான் கேக்கறேன்."

தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

"அவகிட்டதான் பேசிட்டிருக்கே. அவர் பக்கத்துல உட்காரணும்னு ஒருத்தர்கிட்ட ஜன்னல் சீட்டைக் கொடுத்துட்டு நடு சீட்டுக்கு மாறினேன். அவருக்கு அடையாளம் தெரியலை. விளையாட்டா நானும் வாயைத் திறக்கலை."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை.

"போதும்டி. அந்தக் கவுனைக் கழட்டிப் போட்டுட்டுப் போய் முகத்தைக் காட்டு."

"மனசே வரலைக்கா. கழட்டிட்டா அப்புறம் அவருக்கு நான் வெறும் பொண்டாட்டிதானே."