பழைய ஸ்டிக்கர்

மொன்டானாவின் அக்டோபர் வெயில் டெல்பெர்ட்டின் துப்பாக்கிக் கடைக்குள் சாய்வாக விழுந்து, காலி அலமாரியின் தூசியைக் காட்டுகிறது. தோட்டாவின் அடியில் பொருத்தும் பிரைமர்கள் இருந்த இடம் அது. இப்போது விலைச்சீட்டு மட்டும் ஒட்டியிருக்கிறது: நூறுக்குப் பதினைந்து டாலர். மர்லிஸின் கையிலிருக்கும் காப்பி டப்பாவில், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள் கலகலக்கின்றன. வெடிமருந்தும் குண்டும் வீட்டில் இருக்கின்றன, பிரைமர்தான் இல்லை. சனிக்கிழமை எல்க் மான் வேட்டை தொடங்குகிறது. குளிர்காலத்துக்கு அவள் வீட்டில் வேறு இறைச்சி கிடையாது.

"லாரி எப்ப வரும்?"

"தெரியல. வந்தாலும் இருபது டாலர் ஆயிடும்," என்கிறார் டெல்பெர்ட்.

வரிசையில் அவள் பக்கத்தில் நிற்கும் கிழவர் ஓர்வில் பக்கம் திரும்புகிறாள். "எல்லாம் உங்க வீட்டு நிலவறையிலதானே கிடக்கு? அடைகாத்துக் குஞ்சு பொரிக்கப் போறீங்களா?"

வரிசையே சிரிக்கிறது. ஓர்விலின் காது சிவக்கிறது. கோட்டுப் பையிலிருந்து ஒரு பிரைமர் பெட்டியை எடுத்து மேசைமேல் வைக்கிறார். பழுப்பேறிய ஸ்டிக்கரில் டெல்பெர்ட்டின் கையெழுத்து: மூன்று டாலர்.

"டெல்பெர்ட்கிட்ட பதினஞ்சுக்குத் தள்ளிடலாம்னுதான் கொண்டு வந்தேன். நீ ஸ்டிக்கர்ல இருக்கற மூணு டாலரைக் குடு, போதும். மானோட ஈரல் மட்டும் எனக்கு."

மர்லிஸ் பெட்டியை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொள்கிறாள். டப்பாவுக்குள் பித்தளை மறுபடி கலகலக்கிறது. சற்றுமுன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்த ஆரஞ்சுத் தொப்பிக்காரர் தொண்டையைச் செருமுகிறார்.

"எங்க வீட்லயும் ரெண்டு பெட்டி கிடக்கு. பழைய விலை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கல."